இறங்குகிறவர் வைத்த பெயர்

அவருடைய பெயர் எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. ஊர்ப் பெயர்களைப் பற்றி நாள் முழுக்கக் கதைக்கக்கூடிய அந்த மனிதர், தன் பெயரைக் கேட்டால் மட்டும் "கொண்டக்டர் எண்டாக் காணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு ரிக்கற் கிழிக்கப் போய்விடுவார். அவர் விருப்பத்தை மீற எனக்கு மனமில்லை. ஒரு தரம் ஒரு பெயர் விஷயத்தில் தலையைக் கொடுத்துப் பட்டது போதும்.

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்கு ஓடும் தனியார் பஸ் ஒன்றில் அவர் கொண்டக்டர். நான் குச்சவெளிப் பக்கத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கர். வீடு அன்புவழிபுரத்தில். ஆறு வருடம் காலையில் அவருடைய பஸ்ஸில் போய், பின்னேரம் அவருடைய பஸ்ஸிலேயே திரும்பியிருக்கிறேன். அந்தக் கரையோரப் பாதைக்கு முதலில் சுனாமியாகக் கடல் வந்தது, பிறகு சண்டை வந்தது, கடைசியாக வழுவழுவென்று காப்பெற் றோட்டு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தது காப்பெற்றுக்குப் பிறகு. அதனால் குலுங்காமல் உட்கார்ந்து மனிதர்களைப் பார்க்க முடிந்தது.

ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்த ஆள். தொண்டைக்காக ஒரு துண்டு அதிமதுரத்தைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பார். புதிதாக ஏறுகிறவர்கள் பல்லுவலியா என்று கேட்பார்கள். "ஓம்" என்பார். விளக்கம் சொல்லப் போனால் ஆள் இறங்கவேண்டிய ஒரு இறக்கம் தவறிவிடும் என்பது அவருடைய கணக்கு. மிதிபலகையில் ஒரு கால், கதவுக் கம்பியில் ஒரு கை. அந்த நிலையில் அவர் குரல் கொடுத்தால் முன் சீற்றில் இருப்பவர்கள் காதைத் தேய்த்துக்கொள்வார்கள்.

இறக்கங்களின் பெயரைச் சொல்வதில் அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. இடத்துக்கு என்ன பெயர் என்று அரசாங்கத்தைக் கேட்கமாட்டார், பலகையைப் பார்க்கமாட்டார். கதவை நோக்கி எழும்பி வருகிறவரின் முகத்தைப் பார்ப்பார். அவர் தன் வாயால் அந்த இடத்தை எப்படிச் சொல்லுவாரோ அதையே கத்துவார். புது ஆள் என்றால் நேரே கேட்டுவிடுவார்: "நீங்க இந்த இடத்துக்கு என்ன பேர் சொல்லுறனீங்க?" ஒரு தரம் கேட்டால் போதும், பிறகு மறக்கமாட்டார்.

நிலாவெளி தாண்டி ஒரு சந்தி. ரீச்சர்மாருக்கு அது பள்ளிக்கூடத்தடி. மீன்காரருக்கு ஐஸ் கொம்பனி. கொம்பனி கூரை போய்க் கிடந்தது வேறு கதை. வேறு சிலருக்குப் பழைய பொயின்ற், சண்டைக்காலத்தில் ஆமி மறித்துச் சோதித்த இடம். மூன்று வகைப் பயணிகளும் ஒன்றாக எழும்பினால் இவர் மூன்று பெயரையும் மூச்சு விடாமல் அடுக்குவார். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் இவை மூன்று இடங்கள் என்று நினைத்து, மூன்றாவதில் இறங்கக் காத்திருந்து, கும்புறுப்பிட்டி வரைக்கும் வந்துவிட்டார். அவரை எதிர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "மூண்டும் சரியான பேர்தான் ஐயா, நீங்கதான் ஒண்டையாவது நம்பியிருக்கோணும்" என்றார்.

வெளிநாட்டிலிருந்து வந்து பாதையோரமாக மாடி வீடு கட்டிய ஒருவருக்கு, தன் வீட்டின் பெயரால் இறக்கம் அழைக்கப்பட வேண்டும் என்று ஆசை. வீட்டுக்கு மாளிகை என்று முடிகிற ஒரு பெயர் வைத்திருந்தார். பஸ்ஸை மறித்து ஏறிக் கேட்டார்.

"வைக்கலாம் ஐயா, அதிலென்ன. நீங்க நாளாந்தம் இறங்குங்கோ. ஒரு வருசம் காணும்."

அந்த மனிதர் மடிப்புக் கலையாத சேட்டோடு இரண்டு கிழமை ஏறி இறங்கினார். இவரும் ஒவ்வொரு நாளும் அந்த மாளிகையின் பெயரை முழுசாகக் கத்தினார். மூன்றாவது கிழமை அவர் வான் வாங்கிவிட்டார். அந்த வீட்டில் சமையலுக்குப் போன அம்மாதான் தொடர்ந்து இறங்கினார். அந்த அம்மாவிடம் கேட்டதற்கு, "நாய் வீடு எண்டு சொல்லுங்கோ தம்பி, விளங்கும்" என்றார். இன்றைக்கும் அது நாய் வீடுதான்.

ஊர்ப் பெயர்கள் எப்படி வந்தன என்று பஸ்ஸுக்குள் அடிக்கடி வாக்குவாதம் நடக்கும். முன் சீற்றில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருப்பார். சாம்பல்தீவைத் தாண்டும்போதெல்லாம் ஒரு மகாராசா அங்கே வேள்வி செய்த சாம்பலைப் பற்றிச் சொல்லுவார். ஒரு நாள் கொண்டக்டர், சாம்பல்தீவில் இறங்க எழும்பிய ஒரு அம்மாவை மறித்தார்.

"அம்மா, உங்கட ஊருக்கு ஏன் இந்தப் பேர் வந்தது?"

"எனக்கென்னண்டு தெரியும்? நான் வாழ்க்கைப்பட்டு வந்தனான்."

இவர் பஸ்ஸுக்குள் திரும்பி, "தெரியாதாம்" என்று அறிவித்தார். அதோடு அந்த விசாரணை முடிந்தது. வாத்தியார் இரண்டு நாள் பின் சீற்றில் போய் இருந்தார்.

இந்தக் காலத்தில்தான் எங்கள் கந்தோருக்கு ஒரு படிவம் வந்தது. பிரிவிலுள்ள ஒவ்வொரு சந்திக்கும் வளைவுக்கும் பெயர்ப்பலகை நடப்போகிறார்கள். படிவத்தில் இரண்டு நிரல்: இடத்தின் பெயர், பெயர் வந்த காரணம். காரணம் பலகையின் அடியில் சின்ன எழுத்தில் வரும், உல்லாசப் பயணிகள் நின்று வாசிக்க. எழுத்து கொஞ்சம் வரும் என்ற பெயர் எனக்கு இருந்ததால் வேலை என் மேசைக்கு வந்தது. நானும் விடவில்லை. வாத்தியாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரே கிழமையில் மூன்று ராசாக்களையும் ஒரு ராசகுமாரியையும் கரையில் இறக்கினேன். குமாரியின் கப்பல் கரைதட்டிய இடத்தை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

பின்னேர பஸ்ஸில் பெருமையோடு கடதாசியை இவரிடம் நீட்டினேன். அதிமதுரத்தை மற்றக் கன்னத்துக்கு மாற்றிவிட்டு முழுவதையும் வாசித்தார்.

"மிஸ், இவ்வளவு ராசாமார் வந்து போயிருந்தா றோட்டு எப்பவோ போட்டிருப்பாங்களே."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டுக்குப் போய் எல்லா ராசாக்களையும் வெட்டினேன். இனி ஆதாரம் உள்ள காரணத்தைத் தவிர வேறொன்றும் எழுதுவதில்லை என்று முடிவெடுத்தேன். என் பிழை அங்கேதான் தொடங்கியது.

குச்சவெளிக்கும் கும்புறுப்பிட்டிக்கும் நடுவில் கடலை ஒட்டி ஒரு வளைவு. உள்ளே ஏழெட்டு வீடுகள். மற்ற பஸ்களின் கொண்டக்டர்மார் அந்த இடத்தைப் 'பிள்ளையள் போன வளைவு' என்று கத்துவார்கள். எங்கள் ஆள் மட்டும் அங்கே ஒரு பெயரும் சொல்லமாட்டார். பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டு, பஸ் நிற்கும். கருவாடு விற்கிற ஒரு அக்கா இறங்குவார். இவர் அந்த அக்காவின் அலுமினியப் பேசினைத் தூக்கி இறக்கிக் கொடுப்பார். மறுபடி இரண்டு தட்டு. றைட் என்ற சொல்கூட வராது. ஆடு குறுக்கே வந்தால்கூடக் கத்துகிற மனிதர் அங்கே வாயை மூடிக்கொள்வது எனக்குப் புதிராக இருந்தது. கேட்டேன்.

"அதுக்கு இன்னும் பேர் வரேல்லை மிஸ்" என்றார்.

காரணத்தைக் கந்தோர்ப் பியோன் சொன்னார். கடல் வந்த அன்றைக்குக் காலையில் அந்த அக்கா உள்ளே வயல்கரை வீடுகளுக்குக் கருவாடு கொண்டு போயிருந்தார். ஏழு வயதுப் பெடியனும் நாலு வயதுப் பெட்டையும் கரையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் கிடைக்கவில்லை. அக்கா சில வருடம் முகாமில் இருந்தார். பிறகு வீடு கட்டிக் கொடுத்தபோது, வேறு இடம் தருகிறோம் என்று சொல்லியும் கேளாமல் பழைய வளவுக்கே திரும்பி வந்தார். காலையில் வளைவில் நின்று பஸ் ஏறிக் குச்சவெளிக்குப் போய் வீடு வீடாக விற்பார், பின்னேரம் திரும்புவார். வேறு பஸ்ஸில் வந்தால் ஒரு இறக்கம் முந்தி, பாலத்தடியிலேயே இறங்கித் தலையில் பேசினோடு வெயிலில் நடப்பார். எங்கள் பஸ்ஸில் வந்தால் மட்டும் வளைவில் இறங்குவார். இதற்காகச் சில நாட்களில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்றதை நானே கண்டிருக்கிறேன்.

விஷயம் தெரிந்த பிறகு எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை வந்தது. அந்தப் பாதையில் நாகரிகம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான் படிவத்தில் அந்த வளைவு வந்ததும் ஊர் சொன்ன பெயரையே எழுதினேன். காரணம் என்ற நிரலில், கடல் வந்த நாளில் இரண்டு குழந்தைகள் இவ்விடத்தில் காணாமற்போயினர் என்று எழுதினேன். மூன்று பேரிடம் விசாரித்து உறுதிப்படுத்தினேன். ராசா இல்லை, குமாரி இல்லை, சுத்தமான உண்மை. அனுப்பிவிட்டு, அடுத்த நாள் பஸ்ஸில் அவரிடமே சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

அவர் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த இரண்டு இறக்கங்களைச் சொல்லாமல் விட்டார். ஆட்கள் தாங்களே கத்தி இறங்கினார்கள்.

மறுநாள் அவருக்கு ஓய்வு. கந்தோருக்கு வந்தார். நீளக் காற்சட்டை, கழுத்து வரை பொத்தான். கதிரையின் நுனியில் இருந்தார்.

"மிஸ், அந்தப் பலகையை நிப்பாட்டேலாதா?"

"அண்ணை, லிஸ்ற் போட்டுது. எழுதவும் குடுத்தாச்சு. வியாழக்கிழமை நடப்போறாங்கள். ராசா வேண்டாமெண்டு நீங்கதானே சொன்னனீங்க? இது உண்மைதானே?"

"உண்மைதான். நட்டாப்பிறகு ஒவ்வொரு நாளும் காலமை அவ அதுக்குக் கீழ நிண்டுதானே பஸ்ஸுக்குக் கை காட்டோணும்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. படிவம், நிரல், மூன்று சாட்சி என்று பார்த்தேனே தவிர, அந்தப் பலகைக்குக் கீழே யார் நிற்பார்கள் என்று ஒரு தரமும் யோசிக்கவில்லை. வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசையில் கிடந்த கோவைகளை அடுக்கினேன்.

"வேற என்ன பேர் எழுதுறது அண்ணை? நீங்க சொல்லுங்கோ, நான் சேரிட்டப் போய் மாத்திறன்."

"எனக்கென்னண்டு தெரியும்? அதில இறங்கிறது அவ."

"அப்ப அவவைக் கேளுங்கோ."

"இந்த றோட்டில இறங்கிற எல்லாரையும் கேட்டிருக்கிறன். அவவை மட்டும் கேக்கேல்லை." சேட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டு, "பயம் மிஸ்" என்றார்.

இன்னும் இரண்டு நாள் இருந்தது. நானும் பஸ்ஸில் இருப்பேன், பிழை விட்டவள் நான், நானே கேட்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கேட்பது தன்னுடைய வேலை என்றார்.

அடுத்த நாள் பின்னேரம் பஸ்ஸில் நல்ல சனம். வளைவு கண்ணுக்குத் தெரிந்ததும் அக்கா எழும்பினார். கொண்டக்டர் இரண்டு தட்டுத் தட்டினார், பஸ் நின்றது. அவர் பேசினைத் தூக்கவில்லை. அதிமதுரத்தை வெளியே துப்பினார். அதை அவர் துப்பி நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

"தங்கச்சி, இந்த இடத்துக்கு நீங்க என்ன பேர் சொல்லுறனீங்க?"

பஸ்ஸுக்குள் எல்லாருக்கும் அந்த அக்காவைத் தெரியும். வாத்தியார் கையிலிருந்த பேப்பரை மடித்து மடியில் வைத்தார்.

"இப்பதான் கேக்கிறீங்க" என்றார் அக்கா.

"ஓம்."

"நாலு வருசம். நாய் வீட்டைக்கூடக் கத்திச் சொல்லுறீங்க. கூரை இல்லாத ஐஸ் கொம்பனியைச் சொல்லுறீங்க. என்ர வாசல் வந்தா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு தட்டுறீங்க, செத்த வீட்டைத் தாண்டிப் போற மாதிரி."

"உங்களுக்கு நோகுமெண்டு…"

"நோகாதா? கத்தினாலும் நோகும், கத்தாட்டியும் நோகும். மற்ற பஸ்ஸில ஒரு பேர் கத்துவாங்கள், பிள்ளையள் போன வளைவெண்டு. போனது ஒரு நாள். என்ர பெரியவன் ஏழு வருசம் அதில இருந்தவன். அதை ஒருத்தரும் சொல்லுறேல்லை."

கொண்டக்டர் கதவுக் கம்பியைப் பிடித்த பிடியை விடாமல் நின்றார். பிறகு, எல்லாருக்கும் முன்னால், கேட்டே விட்டார்:

"அப்ப ஏன் தங்கச்சி என்ர பஸ்ஸுக்கெண்டு காத்துக்கொண்டு நிக்கிறனீங்க? நான் நினைச்சன், பேர் சொல்லாததுக்காகத்தானெண்டு."

"நீங்கதானே பேசினை இறக்கித் தாறனீங்க. மற்றவங்கள் தொடமாட்டாங்கள், கருவாட்டு மணமாம்."

யாரோ சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார்கள். அவரைப் பற்றி வீட்டில் நான் அளந்த பெருமை எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது, ஏனென்று தெரியாது.

"பேர் கேட்டனீங்க" என்றார் அக்கா. "பெரியவன் குஞ்சன். சின்னவள் சூட்டி. வீட்டில அப்பிடித்தான். பொழுதுபட இந்த வளைவில நிண்டுதான் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடுறனான். குஞ்சன் சூட்டியடி எண்டு சொல்லுங்கோ."

அவர் வாயைத் திறந்தார். வெறும் காற்றுத்தான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாம் தரம் கத்தினார். "குஞ்சன் சூட்டியடி! குஞ்சன் சூட்டியடி இறக்கம்!" குரல் வீடுகளைத் தாண்டிக் கடல் வரைக்கும் போயிருக்கும். அக்கா இறங்கினார். அவர் பேசினைத் தூக்கிக் கொடுத்தார். றைட் சொல்ல அவர் மறந்துவிட்டார். கடைசியில் வாத்தியார்தான் எட்டித் தகரத்தில் தட்டினார்.

அடுத்த நாள் காலை நான் எங்கள் கந்தோர்ப் பெரியவர் முன்னால் போய் நின்றேன். நான் எழுதியது பிழை, ஒரு பலகையைத் திருப்பி எழுத வேண்டும் என்றேன். புதுக் காரணத்தைக் காலை பஸ்ஸில் அக்காவிடமே கேட்டு எழுதியிருந்தேன்: குஞ்சனும் சூட்டியும் விளையாடிய இடம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"இவை ஆர், பழைய சிற்றரசர்களா?"

"இல்லை சேர், பிள்ளையள்."

"என்ன ஆதாரம்?"

"தாய் சொன்னது."

பேனையைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார். அந்தப் பதவியில் அவர் இரண்டு கேள்வியோடு விட்டுக் கையெழுத்துப் போட்ட கடதாசிகள் மிகக் குறைவு.

பலகை ஒரு கிழமை பிந்தி வந்தது. உப்புக் காற்று அதை இரண்டு வருடத்தில் தின்றுவிட்டது. பெயர் நின்றுவிட்டது. இப்போது அந்தப் பாதையில் ஓடுகிற கொண்டக்டர்மாருக்குக் குஞ்சன் யார், சூட்டி யார் என்று தெரியாது. கருவாடு விற்கிற ஒருத்தரின் கடை அங்கே இருந்ததாக ஒருவர் எனக்கே விளக்கம் சொன்னார். எங்கள் ஆள் தொண்டை பழுதாகி வேலையை விட்டு, மகளோடு போய் இருக்கிறார். மெல்லத்தான் கதைக்கிறாராம்.

அவர் வேலையில் இருந்த கடைசி வருடங்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இறங்க ஆள் இல்லாத இடத்தின் பெயரை அவர் சொல்லவேமாட்டார். பஸ் பறந்து போகும். அந்த வளைவில் மட்டும், அக்கா காய்ச்சலாகி வீட்டில் கிடந்த நாட்களிலும், ஒருவரும் கதவுப் பக்கம் அசையாத நாட்களிலும், குஞ்சன் சூட்டியடி என்று கத்தினார். சாரதியும் ஒன்றும் கேட்காமல் நிறுத்துவார். கொண்டக்டர் கதவை விட்டு ஒதுங்கி, சின்னக் கால்கள் இரண்டு சோடி இறங்கி முடிக்கிற அளவுக்கு நேரம் விட்டு, பிறகுதான் றைட் சொல்லுவார்.